பதினோரு அவுன்ஸ் பருப்புப் பொடி

ஐந்து நாள் லீவோடு முன்னும் பின்னும் இரண்டு வார இறுதிகளைச் சேர்த்தால் ஒன்பது நாள். அமெரிக்காவில், சன்னிவேலில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த எங்கள் எல்லோருக்கும் இந்தக் கணக்கு மனப்பாடம். சனிக்கிழமை கிளம்பி, அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்து, துணியைத் துவைத்துப் போட்டுவிட்டுத் திங்கட்கிழமை ஆபீஸ் போகலாம். ஆனால் கிளம்பிய நாளை ஒன்று என்று வைத்து எண்ணினால் திரும்புகிற அந்த ஞாயிறு ஒன்பதாவது நாள். ஒன்பதாம் நாள் வீடு திரும்பக் கூடாது என்பது எங்கள் ஈரோட்டுப் பக்கத்து வழக்கம். எட்டில் வரலாம், பத்தில் வரலாம், ஒன்பதில் மட்டும் ஆகாது. ஏன் என்று கேட்டால், ஆகாதென்றால் ஆகாது என்பார்கள்.

தொண்ணூற்றெட்டாம் வருடம் ஜூலை மாதம் நான் அலாஸ்காவின் வட கோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே, ஓர் ஆற்றில் தனியாகப் படகு விடப் போனேன். ஆற்றின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் இதைப் படிக்கிற யாராவது மூட்டையைக் கட்டிவிடுவார்கள், பழி எனக்கு வரும்.

படகு என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். காற்றைப் பிடுங்கிச் சுருட்டினால் தலையணை அளவுக்கு வருகிற ரப்பர்ப் படகு. ஒரே ஓர் ஆள் காலை நீட்டி உட்காரலாம். எடை ஐந்து பவுண்டு. மலையில் அதை முதுகில் சுமந்து நடக்க வேண்டும், ஆறு வந்ததும் ஊதி அதற்குள் உட்கார்ந்துகொள்ள வேண்டும். பவானிக் கரையில் பரிசல்காரர் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடப்பார். நான் சுருட்டி முதுகில் வைத்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். ஆபீஸில் பக்கத்துத் தடுப்பறையில் இருந்த அமெரிக்கர் இரண்டு கோடைக்காலம் என்னை சியர்ரா மலை ஆறுகளுக்குக் கூட்டிப்போய்ப் பழக்கிவிட்டு, முதுகுவலி வந்ததும் படகை என் தலையில் கட்டினார்.

அதை முதன்முதலில் எங்கள் அபார்ட்மென்ட் நீச்சல் குளத்தில் இறக்கிய அன்று மேல்வீட்டு ஆன்ட்டி பால்கனியில் துணி மடித்துக்கொண்டிருந்தார். கீழக்கரைக்காரர். வேனை ஃப்ரீவேயில் விரட்டுவதைப் போலவே பேச்சையும் விரட்டுவார். “ஏன் தம்பி, கார் ரிப்பேரா? இனிமே இதுலதான் ஆபீஸ் போறதா?” என்றார். குளத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்த விஷயத்தில் எனக்கு நகைச்சுவை உணர்ச்சி கிடையாது.

எனக்கு அப்போது எடைப் பைத்தியம் பிடித்திருந்தது. முதுகில் ஏறுகிற ஒவ்வொன்றையும் தபால் தராசில் வைத்து நிறுத்தேன். டூத்பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக வெட்டினேன். வரைபடத்தின் வெள்ளை ஓரங்களைக் கத்தரித்தேன். சட்டையில் தைத்திருந்த லேபிளைப் பிய்த்தேன். என் மனைவி சோபாவில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நகத்தையும் வெட்டிட்டுப் போங்க. அதுவும் வெயிட்டுதானே?” என்றாள்.

அவள் அமெரிக்கா வந்து பதினெட்டு மாதம் ஆகியிருந்தது. கோயம்புத்தூரில் கெமிஸ்ட்ரி எம்.எஸ்ஸி. படித்தவள், கோல்டு மெடல். என்னுடைய எச்-1 வேலை வீசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு எச்-4 என்கிற வீசாவில் வந்திருந்தாள். அதில் வேலைக்குப் போக முடியாது. கார் ஓட்டவும் அவளுக்குத் தெரியாது. எல் கமினோ ரியல் ரோட்டோரமாக இருபது நிமிடம் நடந்து இந்தியன் ஸ்டோருக்குப் போய்ப் பருப்பும் புளியும் வாங்கி வருவாள். மற்ற நேரமெல்லாம் பப்ளிக் லைப்ரரியில் இருப்பாள். அங்கே என்ன படிக்கிறாள் என்று நான் கேட்டதில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சோறு இருக்கும். எனக்கு அது போதுமாக இருந்தது.

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது சண்டை வந்தது.

“தனியா எதுக்குப் போறீங்க? கூட யாரையாவது கூட்டிட்டுப் போங்க.”

“யாரு வருவா?”

“யாரும் வர மாட்டாங்கன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்ல?”

ரிஸ்க்கையெல்லாம் பிளான் பண்ணியாகிவிட்டது என்று ஆபீஸ் மீட்டிங்கில் பேசுவதுபோலப் பேசினேன். அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு சொன்னாள்: “உங்களுக்கு ஏதாச்சும்னா... வேண்டாம், அத நான் வாயால சொல்ல மாட்டேன். ஆனா என் வீசா உங்க வீசாவுலதான் தொங்குது. நீங்க இல்லேன்னா இந்த நாட்டுல நான் யாரு?”

பதில் இல்லாதபோது எனக்குக் கோபம் வரும். அவள் அதைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினாள். “சரி, போறதுதான் போறீங்க, ஒன்பதாம் நாள் திரும்பாதீங்க. ஒரே ஒரு நாள் தள்ளிக்குங்க” என்றாள். எனக்கு அந்தக் கோபத்தை இறக்கிவைக்க இடம் கிடைத்துவிட்டது.

“உங்க வீட்டுப் பஞ்சாங்கத்தப் பாத்துட்டா என் மேனேஜர் ரிலீஸ் மீட்டிங் வைப்பான்? படிச்சவதானே நீ? கோல்டு மெடல் வேற!”

கத்தியது மேல்வீடுவரை கேட்டிருக்கும். அதன் பிறகு கிளம்பும்வரை பேச்சுவார்த்தை இல்லை. ‘பால் தீந்துருச்சு’, ‘ஃபோன் உங்களுக்கு’, இவ்வளவுதான்.

என் பயணத் திட்டத்தை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்திருந்தேன். எட்டாம் நாள் சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குச் சின்ன விமானம் ஆற்றங்கரையிலுள்ள கூழாங்கல் திட்டில் இறங்கி என்னை ஏற்றிக்கொள்ளும், ஞாயிறு வீடு. அந்த விமானக்காரர்களின் ஃபோன் நம்பரும் அதில் இருந்தது. அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய ஆள் என்று அவர்களிடம் அவள் பெயரைத்தான் கொடுத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை வாசலில் ஒரு பொட்டலத்தை நீட்டினாள். ஊருக்குப் போகிறவர்களிடம் சாமான் கொடுத்தனுப்பும்போது எல்லோரும் செய்வதுபோல, பழுப்பு டேப்பை நாலு பக்கமும் வரிந்து சுற்றி, மேலே மார்க்கர் பேனாவால் எங்கள் வீட்டு விலாசத்தைப் பெரிதாக எழுதியிருந்தாள். கட்டிய புருஷன் கையில் கொடுக்கிற பொட்டலத்துக்கு எதற்கு விலாசம் என்று கேட்க நாக்கு துடித்தது. பேச்சுவார்த்தை இல்லாததால் கேட்கவில்லை.

“பருப்புப் பொடி. அங்க போயி பிரிச்சுப் பாருங்க” என்றாள்.

“ம்” என்றேன்.

ஃபேர்பேங்க்ஸில் அன்று ஒரு ஹாஸ்டலில் தங்கினேன். சாயங்காலம் எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பிக் கடைசி முறையாக நிறுத்தேன். பொட்டலம் பதினோரு அவுன்ஸ், முந்நூறு கிராம் சொச்சம். அதில் ஒரு அவுன்ஸ் டேப்பாகவே இருக்கும். என் சாப்பாட்டை நாள் வாரியாக, வேளை வாரியாகத் தனித்தனிப் பைகளில் போட்டிருந்தேன், சனிக்கிழமை காலைக் கஞ்சியோடு முடிகிறாற்போல. பருப்புப் பொடிக்கு அந்தக் கணக்கில் இடம் இல்லை. ஹாஸ்டல் கூடத்தில் ஒரு மரப்பெட்டி இருந்தது. வருகிறவர்கள் வேண்டாததை அதில் போடுவார்கள், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். பொட்டலத்தை அதில், யாரோ விட்டுப்போன செருப்புக்கு மேலே வைத்தேன். பெட்டிக்குப் பக்கத்திலேயே பே ஃபோன் இருந்தது. வீட்டுக்குக் கூப்பிடவில்லை. அவளே கூப்பிடட்டும் என்று இருந்தேன். நான் எங்கே தங்கியிருக்கிறேன் என்று அவளுக்குச் சொல்லவே இல்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் தபால் விமானத்தில் ஒரு சின்னக் குடியிருப்புக்குப் போய், அங்கிருந்து மூன்று பேர் உட்காரக்கூடிய விமானத்தில் ஏறினேன். அந்த விமானக்காரர்களின் ஆபீஸ் ஒரு தகரக் கொட்டகை. மேஜையில் இருந்த பெண் ஃபோனில் யாரிடமோ பேசியபடியே கையை ஆட்டி வழி காட்டினார். அவரிடம் திரும்பி வரும் நாளை ஒரு தரம் சரிபார்த்திருக்கலாம். மூன்று முறை ஃபோனில் பேசி முடித்த விஷயம் என்ற மிதப்பில் நேரே விமானத்துக்கு நடந்தேன். என்னைக் கொண்டுபோய் இறக்கிய பைலட் கோடைக்கு மட்டும் வேலைக்கு வந்த இளைஞர். “வாரக் கடைசியில் யாராவது வந்து உங்களை அள்ளிக்கொள்வார்கள்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். விமானச் சத்தம் அடங்கியதும் கொசுக்கள் வந்தன.

முதல் இரண்டரை நாள் நடை. அந்த நிலம் தூரத்தில் புல்வெளிபோலத் தெரியும். கிட்டே போனால் பந்து பந்தாகப் புல்மேடு, இடையில் முழங்கால்வரை சேறு. மேட்டில் கால் வைத்தால் அது சாயும், சேற்றில் வைத்தால் அது விடாது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு மைல் நடந்தேன். டூத்பிரஷ் காம்பில் மிச்சம் பிடித்த எடை அங்கே ஒன்றும் உதவவில்லை. சூரியன் மலைகளுக்கு மேல் வட்டமடித்துக்கொண்டே இருந்தது, மறையவில்லை. தூக்கம் வந்தபோது தூங்கினேன், விழித்தபோது நடந்தேன். இரண்டாம் நாள் ஒரு மலைக் கணவாயின் உச்சியில் ஒரு கரடியின் கால்தடத்தில் தண்ணீர் ஊறி நிரம்பிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டிச் சத்தமாகப் பேசிக்கொண்டே நடந்தேன். பேச வேறு விஷயம் இல்லாததால் ரிலீஸ் மீட்டிங்கில் பேச வேண்டியதை எல்லாம் பேசினேன். கரடி வரவில்லை.

புதன்கிழமை ஆறு வந்தது. சாம்பல் நிறம், ஐஸ் குளிர். படகை ஊத இருபது நிமிடம் ஆனது, தலை சுற்றியது. முதல் நாள் முழுக்க ஆறு தன் பாட்டுக்கு ஓடியது. துடுப்பைச் சும்மா பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கரையில் மான் கூட்டம் ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது. வியாழக்கிழமை முதல் மலையிடுக்கு வந்தது. இரண்டு பக்கமும் கறுத்த பாறைச் சுவர், அண்ணாந்து பார்த்தால் ஒரு பட்டை வானம். உள்ளே போனபின் நிற்க இடம் கிடையாது. மூன்றாவது திருப்பத்தில் ஒரு பாறையில் மோதிப் படகு கவிழ்ந்தது. தண்ணீருக்குள் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது, ஒரு நிமிடம்கூட இருக்காது. படகின் கயிற்றை விடாமல் பிடித்திருந்தது என் கெட்டிக்காரத்தனம் இல்லை, விரல்கள் விறைத்துப்போனதால் விட முடியவில்லை. கரையேறி, பற்கள் அடித்துக்கொள்ள, ஈரத் துணியைப் பிழிந்தேன். அதுவரை அதை விளையாட்டு என்று நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் விமானம் வர வேண்டிய திட்டை அடைந்துவிட்டேன். சொன்ன இடம், சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்னாலேயே. என்னை நானே மெச்சிக்கொண்டு தூங்கினேன்.

சனிக்கிழமை காலை கடைசிக் கஞ்சியைக் குடித்தேன். பத்து மணிக்கே எல்லாவற்றையும் கட்டி மூட்டையின் மேல் உட்கார்ந்தேன். பன்னிரண்டு ஆனது. ஒன்று ஆனது. மேகம் இருந்தால், மழை இருந்தால், பைலட்டால் வர முடியவில்லை என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. நான்கு மணிக்கு எனக்குப் பயம் வந்தது. மறந்துவிட்டார்கள் என்று தோன்றியது. அந்த இளைஞர் வேலையை விட்டுப் போயிருப்பார், மேஜைப் பெண் எழுதிவைத்த தாள் தொலைந்திருக்கும், இங்கே ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறான் என்பது யாருக்கும் தெரியாது.

பசியும் வந்தது. பையைக் கவிழ்த்துப் பார்த்தேன். இரண்டு டீ பை, ஒரு கை உலர்ந்த திராட்சை. தூண்டில்கூட இல்லை, எடை காரணமாக வேண்டாம் என்று விட்டிருந்தேன். பதினோரு அவுன்ஸ் பருப்புப் பொடியை வெந்நீரில் கரைத்துக் குடித்தாலே இரண்டு நாள் ஓடும். பூண்டு தட்டிப்போட்டு, மிளகாயைக் கருக விடாமல் வறுத்து இடிப்பாள். அந்த வாசனையை நினைத்தபோது வாய் ஊறியது, அடுத்த நொடி கண்ணும் கலங்கியது. அப்போதும் அவள் மேல்தான் கோபப்பட்டேன். ஒன்பதாம் நாள், ஒன்பதாம் நாள் என்று வாய் வைத்துவிட்டாளே என்று.

கோபம் கொஞ்ச நேரம்தான் உதவியது. நாளைக்கு அவள் ஏர்போர்ட்டுக்கு வருவாள், நான் இறங்க மாட்டேன். அதற்கப்புறம் அவள் யாரிடம் போய் நிற்பாள்? நீங்க இல்லேன்னா இந்த நாட்டுல நான் யாரு என்று அவள் கேட்டபோது பஞ்சாங்கத்தைப் பற்றிக் கத்தினேனே, அந்தக் கேள்வி இப்போது திட்டில் என் எதிரே உட்கார்ந்திருந்தது. எனக்கு உயிர் மேல் ஆசை என்பதைவிட அவளுக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும் என்பதுதான் பெரிதாக இருந்தது.

யோசிக்கத் தெரிந்தவன் அங்கேயே உட்கார்ந்திருப்பான். நான் வரைபடத்தை விரித்தேன். திட்டுக்கு ஒரு கிலோமீட்டர் கீழே இரண்டாவது மலையிடுக்கு. முதலாவதைவிடக் குறுகல். அதில் இறங்க வேண்டாம் என்று விமானக்காரர்கள் ஃபோனிலேயே எச்சரித்திருந்தார்கள். அதைத் தாண்டி முப்பது மைலில் ஒரு குடியிருப்பு, அங்கே நிச்சயம் ஃபோன் இருக்கும். ஆற்றின் வேகத்தைக் கணக்குப் போட்டேன். ஞாயிறு காலை இறங்கினால் சாயங்காலத்துக்குள் அவளைக் கூப்பிட்டுவிடலாம். வரைபட ஓரங்களைக் கத்தரித்த அதே மூளைதான் இந்தக் கணக்கையும் போட்டது.

ஞாயிறு பத்து மணிக்குப் படகை ஊதினேன். புத்தி முழுசாகக் கெட்டுவிடவில்லை என்பதற்கு அடையாளமாக, திட்டில் கற்களை அம்புக்குறிபோல அடுக்கி, ஆரஞ்சு நிறப் பை ஒன்றை அதன் நுனியில் கட்டிவிட்டுப் போனேன். இடுக்கின் வாயில் கரையேறி, பாறைமேல் நின்று உள்ளே பார்த்தேன். முழு ஆறும் ஒரு கதவின் அகலத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அதற்கப்பால் வெறும் சத்தம். இறங்க வேண்டியதுதான் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்தேன். எழுந்திருக்கவில்லை. மறுபடி சொல்லிக்கொண்டேன். கால் வரவில்லை. ஒன்றரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்தக் கோழைத்தனம்தான் இன்றுவரை என்னைச் சோறு தின்ன வைத்திருக்கிறது.

படகைத் தண்ணீரில் தள்ளக் கையை வைத்தபோது பின்னால் விமானச் சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினேன். புதர் முகத்தைக் கிழித்தது. கத்திக்கொண்டே ஓடினேன், தமிழில்.

நரைத்த தாடியுள்ள ஒரு பைலட் திட்டில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். அம்புக்குறியைப் பார்த்துவிட்டு, ஒரு மணி நேரம் பொறுத்து மேலே பறந்து தேடலாம் என்று இருந்தாராம்.

“நேற்றே வர வேண்டியது” என்றேன். மூச்சு வாங்கியது.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துப் பார்த்தார். “ஞாயிறு, பன்னிரண்டு மணி. உங்கள் மனைவி முந்தின வாரம் வெள்ளிக்கிழமையே ஃபோன் பண்ணி மாற்றினார். விமான டிக்கெட்டையும் திங்கட்கிழமைக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னாராம். உங்களுக்கு எழுதியே கொடுத்துவிடுகிறேன் என்றாராம். படிக்கவில்லையா?”

செருப்புக்கு மேலே வைத்த பொட்டலம் நினைவுக்கு வந்தது. அவர் பாதி சாண்ட்விச்சை நீட்டினார். அதைத் தின்றுவிட்டு, படகையும் மூட்டையையும் எடுத்துவர மறுபடி ஒரு கிலோமீட்டர் நடந்தேன்.

ஃபேர்பேங்க்ஸ் ஹாஸ்டலுக்கு நேரே போய்ப் பெட்டியைப் பார்த்தேன். செருப்பு இருந்தது, பொட்டலம் இல்லை.

திங்கட்கிழமை, பத்தாம் நாள், சான் ஓசே ஏர்போர்ட்டில் இறங்கினேன். கேட் வாசலில் அவள் நின்றிருந்தாள். கிழிந்த என் முகத்தைப் பார்த்தாள், தொட்டாள், ஆனால் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

“லெட்டர் படிச்சீங்களா?”

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நீ பொடி இடித்துக் கொடுத்ததை எடைக்காகப் பெட்டியில் போட்டுவிட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கடிதத்தில் என்ன இருந்தது என்பதுதான் பைலட் சொல்லித் தெரிந்துவிட்டதே, தேதியை மாற்றிய விஷயம்.

“படிச்சேன்” என்றேன்.

“என்ன சொல்றீங்க?”

“நீ பண்ணது சரிதான். எனக்குக் கோபமெல்லாம் இல்ல.”

“நெஜமாவா?”

“நெஜமாத்தான்.”

அவள் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. ஒரு நாள் தள்ளிப்போட்டதற்கு இவ்வளவு எதற்கு என்று நினைத்தேன். பெரிய மனதோடு அவள் தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

எங்களைக் கூட்டிப்போக மேல்வீட்டு ஆன்ட்டி வேனோடு வெளியே நின்றிருந்தார். என் மனைவி முன்னால் ஏறிக்கொண்டாள். நான் பின்னால், ஈர மூட்டையோடு. ஃப்ரீவேயில் ஏறியதும் ஆன்ட்டி கேட்டார்: “என்னம்மா, என்ன சொன்னாரு?”

“சரின்னுட்டாரு, ஆன்ட்டி.”

“அல்ஹம்துலில்லாஹ்! நாந்தான் சொன்னேனே, அந்தத் தம்பி சரின்னுதான் சொல்லும்னு!” கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “தம்பி, நீங்க தங்கமான ஆளு. ரெண்டு வருஷம் படிக்க பொண்டாட்டிய தனியா நியூ ஜெர்சிக்கு அனுப்புங்கன்னா எங்க வீட்டு மனுசன் கூரையப் பிச்சிருப்பாரு. ஸ்காலர்ஷிப்பு வேற குடுக்கறான்ல! ஆகஸ்ட் கடைசில காலேஜ் தொறக்குதாமே, ஜாக்கெட்டு கீக்கெட்டு நல்லதா வாங்கிக் குடுங்க. அங்க குளிரு.”

நான் மூட்டையைப் பிடித்துக்கொண்டேன். மலையிடுக்கில் கவிழ்ந்தபோதுகூட எனக்கு அப்படி இருக்கவில்லை. லைப்ரரியில் அவள் என்ன படித்தாள் என்பது அந்த வேனில்தான் எனக்குத் தெரிந்தது. வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் பருப்புப் பொடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. வீடு வரும்வரை நான் பேசவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் கடைசியில் அவள் ஸ்டூடன்ட் வீசாவில் போனாள். ஏர்போர்ட்டில் அழுதது நான்தான். பிறகு இரண்டரை வருடம் வாரம் நான்கு முறை ஃபோன், வருடத்துக்கு மூன்று முறை விமானம். அவள் கார் ஓட்டக் கற்றாள், படிப்பை முடித்தாள், அங்கேயே ஒரு மருந்துக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். எச்-1 வீசா, அவளுடைய சொந்த வீசா. ஃபோனில் எத்தனையோ முறை அந்தப் பொட்டலத்தைப் பற்றிச் சொல்ல வந்து, பனி பெய்கிறதா என்று கேட்டுவிட்டு வைத்திருக்கிறேன்.

இரண்டாயிரத்தொன்றில் என் கம்பெனி ஒரு செவ்வாய்க்கிழமை காலை எங்கள் எல்லோரையும் ஹாலுக்குக் கூப்பிட்டு, அட்டைப்பெட்டி கொடுத்து அனுப்பியது. வேலை போனால் எச்-1 போச்சு. நியூ ஜெர்சி ஐசலினில் ஓக் ட்ரீ ரோடிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவள் எடுத்திருந்த அபார்ட்மென்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். அவள் வீசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு எச்-4 ஆனேன். காலையில் அவள் ரயிலுக்குப் போய்விடுவாள். நான் பாத்திரம் கழுவி, துணி துவைத்து, இந்தியன் ஸ்டோருக்கு நடந்துபோய் வந்து, மதியமெல்லாம் சும்மா இருப்பேன்.

அப்படி ஒரு மதியம் அலமாரியை ஒழித்தபோது, அவளுடைய சர்ட்டிஃபிகேட் ஃபைலுக்கு அடியில் அந்தப் பொட்டலம் இருந்தது. பழுப்பு டேப், மார்க்கர் பேனாவில் எங்கள் சன்னிவேல் விலாசம். மேலே தபால்தலைகள், ஃபேர்பேங்க்ஸ் முத்திரை. ஹாஸ்டல்காரர், யாரோ மறந்துவைத்த பார்சல் என்று விலாசத்தைப் பார்த்து அனுப்பியிருக்கிறார். டேப் ஒரு பக்கம் மட்டும் கத்தரியால் நேராக வெட்டப்பட்டிருந்தது. பொடி இல்லை. வாசனை கொஞ்சம் இருந்தது. கடிதம் மடித்தபடி உள்ளே இருந்தது. மூன்று வருடம் கழித்துப் படித்தேன்.

‘கோபப்படாதீங்க. பிளேன் சனிக்கிழமை வராது, ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரும். நான்தான் மாத்தினேன். டிக்கெட்டும் மாத்திட்டேன், உங்க ஆபீஸ்லயும் சொல்லிட்டேன். ஒன்பதாம் நாள் ஒரு காரணம். இன்னொரு காரணம் இருக்கு. நியூ ஜெர்சில எனக்கு ஸ்காலர்ஷிப்போட சீட் கிடைச்சிருக்கு. ரெண்டு வருஷம். உங்ககிட்ட நேர்ல கேட்டா நீங்க கத்துவீங்க, நான் அழுவேன். அதான் ஒரு நாள் கூட வாங்கிக் குடுத்திருக்கேன். ஆத்தங்கரையில உக்காந்து நிதானமா யோசிங்க. சாப்பாடு பத்தாதுன்னுதான் பொடி. வந்து சரின்னோ வேண்டாம்னோ சொல்லுங்க. வேண்டாம்னா நான் மறுபடி கேக்க மாட்டேன்.’

படித்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டு அந்த மதியம் தனியாக உட்கார்ந்திருந்தது கஷ்டமாக இருந்தது.

ஆறரை மணிக்கு அவள் வந்தாள். ஷூவைக் கழற்றும்போதே மேஜைமேல் இருந்த கடிதத்தைப் பார்த்துவிட்டாள்.

“இது எப்ப வந்துச்சு?” என்றேன்.

“நான் கிளம்பறதுக்கு மூணு நாள் முன்னாடி.”

“அப்ப நான் படிக்கலேன்னு உனக்குத் தெரியும்.”

“சுத்தின டேப்பு அப்படியே இருந்துச்சு. தெரியாம இருக்குமா?”

“அப்பறம் ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?”

அவள் கைப்பையை ஆணியில் மாட்டினாள்.

“கேட்டிருந்தா நீங்க யோசிச்சிருப்பீங்க” என்றாள். பிறகு, “சாப்பிட என்ன பண்ணியிருக்கீங்க?” என்று கேட்டுக்கொண்டே கை கழுவப் போனாள்.